எட்டு ரூபாய் வீடு

தென்காசி
8-7-1934

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி மந்திரமூர்த்தி வணங்கி எழுதுவது. இங்கு நானும் பாலம்மாளும் பிள்ளைகள் இரண்டும் சுகம். உன் சுகத்துக்கும் உன் மகள், என் மருமகள் முப்பிடாதியின் சுகத்துக்கும் எழுதச் சொல்லவும். இதை உனக்கு வாசித்துக் காட்டுகிற அய்யாத்துரை மச்சானுக்கு என் நமஸ்காரம்.

சாரல் பிடித்து எட்டு நாளாகிறது. குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளால் தெருவில் நடக்க முடியவில்லை. எண்ணெய்த் தலையோடு அலைகிறவர்களைப் பார்த்தால், உலகத்தில் கோர்ட்டு, கச்சேரி எதுவுமே கிடையாது போலத் தோன்றுகிறது. எனக்கு மட்டும் முன்சீப் கோர்ட்டில் நகல் எழுதிக் கை வலிக்கிறது.

அத்தான் இறந்து இரண்டு வருஷம் திரும்பிய அன்று, உன்னையும் முப்பிடாதியையும் என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்வதாகச் சொன்னேன் அல்லவா? அதை மறக்கவில்லை. மச்சான் இதைத் தப்பாக நினைக்கக் கூடாது. கொழுந்தன் வீட்டில் உனக்கு ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கூடப்பிறந்தவனுக்கு ஒரு கடமை இருக்கிறது.

இப்போது நாங்கள் இருக்கிற அறை எட்டடிக்குப் பத்தடி. நான் காலை நீட்டினால் அடுப்பில் இடிக்கிறது. எங்கள் ஹெட்கிளார்க் ஒரு கணக்குச் சொல்லுவார். சம்பளத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வீட்டு வாடகைக்குக் கொடுக்கிறவன் ஒரு நாள் வீட்டையும் விட்டு, சோற்றையும் விடுவான் என்று. என் சம்பளம் இருபத்தெட்டு. அதில் நாலில் ஒன்று ஏழு ரூபாய். மேலகரத்தில் துல்கர்னைன் ராவுத்தருடைய வீடு ஒன்று பார்த்தேன். இரண்டு அறை, பின்னால் தாழ்வாரம், சொந்தக் கிணறு. பின்னறை உனக்கும் முப்பிடாதிக்கும் என்று பார்த்த உடனேயே மனதில் முடிவு செய்துவிட்டேன். வாடகை எட்டு என்கிறார். ஒரு ரூபாய் இடிக்கிறது.

இப்போது இருக்கிற அறைக்கு அடுத்தாற்போல, தகரம் வேய்ந்த ஒற்றைக் குடிசை, ஒரு குச்சில், மூன்று ரூபாய்க்குக் காலியாக இருக்கிறது. பாலம்மாள் அதைச் சொன்னாள். நான் அவள் வாயை அடைத்துவிட்டேன். என் அக்காளைத் தகரத்துக்குக் கீழே வைத்துவிட்டு நான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவா?

முப்பிடாதிக்கு என் ஆசீர்வாதம். பதில் எழுதவும்.

உன் தம்பி,
மந்திரமூர்த்தி

---

ராயகிரி
பவ வருஷம் ஆடி மாதம் 14

தம்பி மந்திரமூர்த்திக்கு, அக்காள் பேச்சித்தாய் ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம். நீயும் பாலம்மாளும் குழந்தைகளும் க்ஷேமமாயிருக்க முப்பிடாதியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

உன் கடிதம் வாசிக்கக் கேட்டேன். என்னை இங்கு எல்லாரும் நன்றாக வைத்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு அறை வேண்டாம். குச்சிலே போதும். தகரம் எனக்குப் பெரிதில்லை. முப்பிடாதி வளர்ந்துவிட்டாள். பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. நீ சீக்கிரம் ஒரு தரம் வந்து பார்த்தால் நல்லது.

பேச்சித்தாய்

மதினி சொல்ல எழுதினது அய்யாத்துரை. மச்சானுக்கு நமஸ்காரம். மதினிக்கு இது அவர்கள் வீடு. காலமான சுந்தரபாண்டி அண்ணன் பங்கு இரண்டு ஏக்கர் நஞ்சையையும் நானேதான் பார்த்து வருகிறேன். நீங்கள் அவசரப்பட்டுச் செலவு இழுத்துக்கொள்ள வேண்டாம்.

---

தென்காசி
23-9-1934

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். சின்னவனுக்கு நாலு நாள் காய்ச்சல் இருந்து இறங்கிவிட்டது. உன் சுகத்துக்கு எழுதவும்.

பதில் தாமதித்ததற்குக் கோபிக்காதே. நல்ல செய்தியோடுதான் எழுதுவது என்றிருந்தேன். சீசன் முடிகிறவரை ராவுத்தர் அந்த வீட்டைக் குளிக்க வருகிறவர்களுக்கு மாதம் முப்பது ரூபாய்க்கு விட்டிருந்தார். அதுவரை என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. இப்போது சாரல் ஓய்ந்து குற்றாலம் காலி. அவரே கோர்ட்டு வாசலில் வந்து நின்று, "என்ன குமாஸ்தாவாள், வீடு வேண்டாமா?" என்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் அவர் பழக்கடையிலேயே உட்கார்ந்து பேசி முடித்தேன். எட்டு ரூபாயில் ஓரணாக்கூடக் குறைக்கவில்லை. மூன்று மாத அட்வான்ஸ் இருபத்துநாலு.

ஆனால் கேள். மார்ச் முதல் தேதி எனக்கு கிரேடு மாறுகிறது. சம்பளம் முப்பத்திரண்டு. நாலில் ஒன்று எட்டு. ஒரு காசு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இல்லாமல் கணக்கு நேராகிறது! ஜூலையிலிருந்து மாதம் மூன்று ரூபாய் ஒதுக்கி வருகிறேன். பிப்ரவரியோடு இருபத்துநாலும் சேர்ந்துவிடும். அதுவரை வேறொருவருக்கு விடமாட்டேன் என்று ராவுத்தர் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

ஆகவே பங்குனி பிறந்ததும் நான் ராயகிரிக்கு வந்து உன்னையும் முப்பிடாதியையும் கையோடு கூட்டி வருவேன். இது உறுதி. மச்சான், இந்த வரியை மட்டும் அக்காளுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டவும்.

உன் தம்பி,
மந்திரமூர்த்தி

---

ராயகிரி
பவ வருஷம் ஐப்பசி மாதம் 9

தம்பி மந்திரமூர்த்திக்கு, அக்காள் ஆசீர்வாதம். இங்கு யாவரும் க்ஷேமம். உங்கள் க்ஷேமத்துக்கு எழுதவும்.

முப்பிடாதி ஐப்பசி ஆறாம் தேதி பெரியவளானாள். பதினாறாம் நாள் சடங்கு. தாய்மாமன் நீ ஒருவன்தான். நீ வந்தே ஆகவேண்டும். சீர் எதுவும் வேண்டாம். வெறுங்கையோடு வா. வந்து இரண்டு நாள் இரு. கட்டாயம் வா.

பேச்சித்தாய்

மதினி சொல்ல எழுதினது அய்யாத்துரை. சடங்குக் காரியங்களை எல்லாம் சிவகிரியிலிருக்கிற என் மைத்துனர் குத்தாலிங்கம் முன்னின்று பார்த்துக்கொள்கிறார். பெண்சாதியைப் பறிகொடுத்த வருத்தத்திலும் இந்த வீட்டுக்கு அவர் செய்கிற உபகாரம் சொல்லி முடியாது. உங்களுக்கு உத்தியோகத் தொந்தரவு உண்டென்று எங்களுக்குத் தெரியும். லீவு கிடைக்காவிட்டால் மாமன் சேலையைப் பார்சலில் அனுப்பினாலும் குறை சொல்ல மாட்டோம்.

---

தென்காசி
3-11-1934

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம்.

செய்தி கேட்டுப் பாலம்மாள் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தாள். இத்துடன் பார்சலில் மாமன் சேலை, ரவிக்கைத் துணி, வளையல், மஞ்சள் குங்குமம் அனுப்பியிருக்கிறேன். சேலை அரக்குச் சிவப்பு. பாலம்மாள் தன் சீட்டுப் பணத்தில் ஆறு ரூபாய் எடுத்துக் கொடுத்தாள். மருமகளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை.

நான் வர இயலவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். இரண்டு நாள் லீவு போட்டால் சம்பளத்தில் ஏறக்குறைய இரண்டு ரூபாய் பிடித்துவிடுவார்கள். பஸ் சத்தம் போக வர இரண்டேகால் ரூபாய். அந்த நாலேகால் ரூபாயை வீட்டு அட்வான்ஸிலிருந்துதான் எடுக்க வேண்டும். எடுத்தால் பிப்ரவரிக்குள் இருபத்துநாலு சேராது. ராவுத்தர் நல்ல மனுஷன்தான், ஆனால் வியாபாரி. வீடு கை நழுவிவிடும். ஒரு நாள் சடங்குக்கு வந்து நிற்பதைவிட, காலத்துக்கும் நீங்கள் இருக்க ஒரு அறை முக்கியம் அல்லவா? யோசித்துப் பார்த்தால் உனக்கே சரியென்று படும்.

மச்சானைப் போல, லீவு கிடைக்காதவனுடைய கஷ்டம் அறிந்து எழுதுகிற உறவினர் கிடைப்பது அபூர்வம். அவர் மைத்துனருக்கும் என் நன்றியைச் சொல்லவும்.

உன் தம்பி,
மந்திரமூர்த்தி

---

ராயகிரி
பவ வருஷம் கார்த்திகை மாதம் 20

தம்பிக்கு, அக்காள் ஆசீர்வாதம். யாவரும் க்ஷேமம்.

சேலை வந்தது.

குற்றாலத்து அருவியில் முப்பிடாதிக்குத் தலைக்குத் தண்ணீர் விடுவதாக நேர்ந்திருக்கிறேன். தை பிறப்பதற்குள் விட வேண்டும். நீ வந்து எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போய், தண்ணீர் விட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடு. சாமி காரியம். தட்டாதே.

பேச்சித்தாய்

மதினி சொல்ல எழுதினது அய்யாத்துரை.

---

தென்காசி
16-12-1934

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி வணங்கி எழுதுவது. நாங்கள் சுகம். அங்கு எல்லாரும் சுகந்தானே? உன் கடிதம் மிகவும் சுருக்கமாக இருந்தது. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

நேர்ச்சை விஷயம். இந்தப் பனியில் அருவியில் நின்றால் பிள்ளைக்குச் சளி பிடித்துவிடும். அதோடு, நீங்கள் இரண்டு பேரும் வந்தால் படுக்க இந்த அறையில் இடம் எங்கே? நாங்கள் நாலு பேருமே ஒருக்களித்துத்தான் படுக்கிறோம். தகரக் குச்சிலுக்கும் ஆள் வந்துவிட்டது. இன்னும் மூன்று மாதம் பொறு. மேலகரம் வீட்டிலிருந்து அருவிக்கு நடந்தே போகலாம். தினமும் வேண்டுமானாலும் தண்ணீர் விடு. சாமி மூன்று மாதத்துக்குக் கோபித்துக்கொள்ளாது.

ராவுத்தரிடம் சொல்லிப் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடிக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். பதினெட்டு ரூபாய் சேர்ந்துவிட்டது.

உன் தம்பி,
மந்திரமூர்த்தி

---

ராயகிரி
பவ வருஷம் தை மாதம் 15

மகா ராஜ ராஜ ஸ்ரீ மந்திரமூர்த்தி மச்சான் அவர்களுக்கு, அய்யாத்துரை நமஸ்காரம். இங்கு யாவரும் க்ஷேமம். தங்கள் க்ஷேமத்தைக் கோருகிறேன்.

சுப செய்தி. நிகழும் தை மாதம் 12ஆம் தேதி முகூர்த்தத்தில், சௌபாக்கியவதி முப்பிடாதிக்கும் சிவகிரி என் மைத்துனர் சிரஞ்சீவி குத்தாலிங்கத்துக்கும் விவாகம் சுபமாக நடந்தேறியது. முகூர்த்தம் திடீரென்று கூடி வந்ததால் முன்கூட்டித் தெரிவிக்க இயலவில்லை. சடங்கன்று தாங்கள் மனமுவந்து அனுப்பிய மாமன் சேலையைச் சபையில் விரித்துக் காட்டி, அதையே மணப்பெண்ணுக்கு உடுத்தினோம். தாய்மாமன் சம்மதம் இருப்பதால் உறவினர் யாருக்கும் ஆட்சேபம் இல்லாமற் போயிற்று. மதினியும் சந்தோஷமாக இருக்கிறார்கள். தங்கள் வீட்டு ஏற்பாட்டுக்கு எங்கள் வாழ்த்து.

இப்படிக்கு,
அய்யாத்துரை

---

தென்காசி
24-2-1935

அக்கா,

சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இதை மச்சான்தான் வாசிப்பார். வாசிக்கட்டும். எனக்கு இனி மரியாதை பார்க்க ஒன்றுமில்லை.

கடிதம் கண்ட மறுநாளே பஸ் ஏறி வந்தேன். லீவும் எழுதிக் கொடுக்கவில்லை. உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். முன் அறையில் பாய் போட்டு, காப்பி கொடுத்து, மச்சானும் அந்தக் குத்தாலிங்கமும் எனக்கு இரு புறமும் உட்கார்ந்துகொண்டார்கள். அந்த ஆளுக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. என்னைவிட ஏழெட்டு வயதாவது மூப்பு. அவன் என்னை "மாமா" என்றான்.

நீ கதவுக்குப் பின்னால் நின்றாய். "அக்கா, நல்லாருக்கியா?" என்றேன். "நல்லாருக்கேன்" என்றாய். "உனக்கு இதுல சம்மதமா?" என்றேன். மச்சான்தான், "மதினிக்கு என்ன குறை? கேளுங்க, நல்லா கேளுங்க" என்று சிரித்தார். முப்பிடாதி கும்பிட்டு விழுந்து எழுந்து போனாள். முகத்தை நிமிர்த்தவில்லை. எனக்கும் அங்கே சண்டை போடத் தைரியம் வரவில்லை. தாலி ஏறிய பிறகு என்ன சொல்லி என்ன? கடைசி பஸ்ஸுக்கு எழுந்து வந்துவிட்டேன். அதை நினைத்து நினைத்து இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனால் அக்கா, ஆறு மாதமாகக் கடிதம் எழுதினாயே, இப்படி ஒரு பேச்சு இருக்கிறது என்று ஒரு வரி எழுதக் கூடாதா? ஒரு வரி எழுதியிருந்தால் நான் ஓடி வந்திருக்க மாட்டேனா?

வீடு முடிந்துவிட்டது. மார்ச் முதல் தேதி குடி போகிறோம். பின்னறை சுத்தமாக இருக்கிறது. நீயாவது வந்துவிடு. எந்த நாள் என்று மட்டும் எழுது. வண்டியோடு வந்து நிற்கிறேன்.

உன் தம்பி,
மந்திரமூர்த்தி

---

சிவகிரி
யுவ வருஷம் சித்திரை மாதம் 11

குமாஸ்தா மந்திரமூர்த்தி அவர்களுக்கு, சிவகிரிச் சந்தையில் ஜவுளி விற்கும் மசூது எழுதுவது. தங்கள் தமக்கையார் மகளைப் பார்க்க வந்த இடத்தில், என் கடையில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதுகிறேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஏலே தம்பி,

நான் சுகம்னு இதுல எழுதச் சொல்ல மாட்டேன். மூணு வருசமா அந்த வீட்டு முத்தத்தைத் தாண்டி நான் வெளிய வந்ததில்ல. தாலியறுத்தவளுக்கு வெளிய என்ன சோலின்னு கேப்பாவ. இப்ப மவளைப் பாக்கணும்னு சொன்னா மட்டும் விடுதாவ. அதான் இன்னைக்கு ஒரு கடுதாசி எனக்கு வாச்சிருக்கு.

ஒரு வரி எழுதக் கூடாதான்னு கேட்டியே. யாரை வச்சுலே எழுத? எனக்கு வாசிக்குததும் அவரு, எழுதுததும் அவரு. எம்புள்ளயை உம்ம மச்சினனுக்குக் குடுக்கப் பாக்கீருன்னு அவரு கையாலேயே எழுதச் சொல்லவா? நான் ஒவ்வொரு தடவையும் என்னென்னமோ சொன்னேன். அதுல எதை எழுதுனாரு, எதை விட்டாருன்னு எனக்குத் தெரியாது. குச்சில் போதும், நாளைக்கே வான்னு சொன்னேன். வந்து சேந்துச்சா?

அந்த ரெண்டு ஏக்கருக்குத்தான் இம்புட்டும். எம்புள்ள வேற வீட்டுக்குப் போனா நெலத்துல பங்கு கேப்பாவன்னு பயம். நீ பங்குனியில வந்து கூட்டிட்டுப் போவேன்னு எழுதுனே பாரு, அதை அவரு எனக்கு ரெண்டு தரம் வாசிச்சுக் காட்டுனாரு. நீ சொன்னபடியே. வாசிச்சு முடிச்சு, மடிச்சு வச்சுட்டு, பொஞ்சாதிகிட்ட, "அப்ப தையிலேயே முடிச்சிரணும்"னாரு. நாள் குறிச்சுக் குடுத்தது நீதாம்லே.

சடங்கன்னைக்கு நீ வருவேன்னு தெருவையே பாத்துக்கிட்டு இருந்தேன். தாய்மாமன் முத்தத்துல நின்னு, இந்த எடம் வேண்டாம்னு ஒரு சொல்லு சொன்னா நம்ம சாதி சனத்துல ஒருத்தனும் மேக்கொண்டு பேச மாட்டான். உன்னைக் கூப்பிட்டதே அதுக்குத்தான். நீ வரல. பார்சல் வந்துச்சு. அதைத் தூக்கிக் காட்டி, "மாமன் சம்மதிச்சாச்சு"ன்னாரு. அன்னைக்கே முடிஞ்சு போச்சு.

நேர்ச்சையெல்லாம் பொய்லே. சாமி பேரைச் சொன்னாலாவது வருவியோன்னு பாத்தேன். தென்காசி மண்ணுல கால் வச்சிருந்தா நான் திரும்பியிருக்க மாட்டேன். ஒன் அறையில இடம் இல்லேன்னா கோயில் வாசல்ல கிடந்திருப்போம். எட்டு ரூவா வீட்டை யாருலே கேட்டா? நீ என்னை நல்லா வைக்கணும்னுதான் நெனச்சே. எனக்குத் தெரியும். ஆனா உன் மேல எனக்குக் கோவம் இருக்கு. இல்லேன்னு சொன்னா பொய்யாயிரும். அது ஆறுமான்னும் தெரியல.

முப்பிடாதி வெள்ளனயே எந்திச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டுதா, வெந்நி போடுதா, அவனோட மூத்த தாரத்துப் புள்ளைகளுக்குச் சோறு வடிக்கா. மூத்த பய அவளுக்கும் ஒரு வயசு மூப்பு. என்னைக் கண்டா அழுவான்னு நெனச்சுப் போனேன். அழல. "சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான் பேச்சு.

வீடு இருக்கு, வான்னு எழுதியிருக்கே. இனிமே நான் எப்படிலே வருவேன்? நான் அங்கன வந்துட்டா, இந்தப் புள்ள தின்னாளா தூங்குனாளான்னு கேக்க இங்கன யாரு இருக்கா? மாசத்துக்கு ஒரு தரம் இந்தச் சந்தை நாள்ல விடுதாவ. அதுவும் போச்சுன்னா நான் உசுரோட இருந்து பிரயோசனமில்ல. அந்த அறையில வேற ஆளை வச்சுக்கோ.

பாலம்மா நல்லவ. அவளை வையாதே.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன், கேட்டுக்கோ. இதுக்குப் பதில் எழுதாதே. நீ எழுதுத கடுதாசியை அவருதான் எனக்கு வாசிப்பாரு. நான் இப்படிச் சொன்னேன்னு தெரிஞ்சா இந்தச் சந்தை நாளும் நின்னு போவும். எழுதாமலும் இருந்திராதே, அதுவும் சந்தேகமாயிரும். கோவமெல்லாம் ஆறிட்ட மாதிரி, சுகம்னு எழுது. அவருக்கு நமஸ்காரம்னு எழுது. அது போதும்.

பேச்சித்தாய்

---

மேலகரம்
12-5-1935

அன்புள்ள அக்காளுக்கு, தம்பி மந்திரமூர்த்தி வணங்கி எழுதுவது. இங்கு நானும் பாலம்மாளும் பிள்ளைகள் இரண்டும் சுகம். உன் சுகத்துக்கு எழுதச் சொல்லவும்.

போன கடிதத்தில் கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். பெரியவர்கள் பார்த்துச் செய்த காரியத்தில் குறையில்லை என்று இப்போது தெரிகிறது. மச்சான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நீ அங்கேயே இருப்பதுதான் முறை.

வீடு வசதியாக இருக்கிறது. இன்னும் சாரல் பிடிக்கவில்லை. வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

அய்யாத்துரை மச்சானுக்கு என் நமஸ்காரம். சிவகிரி மாப்பிள்ளைக்கு என் நமஸ்காரம். முப்பிடாதிக்கு என் ஆசீர்வாதம்.

இங்கு யாவரும் சுகம்.

உன் தம்பி,
மந்திரமூர்த்தி